புதுப் பற்றரிக்கு அரசு ஏன் காசு கொடுக்கிறது?

போன மாதம், யாழ்ப்பாணத் தீவுகளுக்கு வள்ளம் ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்து நின்றபோது பக்கத்தில் நின்ற ஒரு அண்ணை பேச்சுக் கொடுத்தார். காற்று பலமாக இருந்ததால் வள்ளம் பிந்தியது, பேச நேரம் தாராளமாகக் கிடைத்தது. நான் சோலார் வேலை செய்பவன் என்று தெரிந்ததும் அவர் கேட்ட கேள்வி இது: "தீவுகளுக்குப் பெரிய பற்றரி வைக்கப் போகினமாம், இந்தியா காசு குடுக்குதாம். அந்தக் காசை எங்கட கம்பஸ் பெடியளிட்டைக் குடுத்தால் அவங்களே ஒரு புதுப் பற்றரியைச் செய்து தரமாட்டாங்களோ?"

நல்ல கேள்விதான். நான் அங்கே சொன்ன பதில் அரைகுறை. மீதியை இங்கே எழுதுகிறேன், பற்றரி பற்றியோ அரச நிதி பற்றியோ எதுவும் தெரியாதவருக்கும் விளங்கவேண்டும் என்ற நினைப்போடு.

முதலில் அந்தத் தீவுகளின் கதை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, பற்றரி, டீசல் நான்கையும் கலந்த மின்திட்டம். 2021இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு ஒரு சீன நிறுவனத்துக்குப் போக இருந்தது, இந்தியா ஆட்சேபித்தது, கடைசியில் சுமார் 11 மில்லியன் டொலர் இந்திய மானியமாக மாறி 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காற்றாலை, 2,400 கிலோவாட் மணித்தியாலப் பற்றரி, அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல். ஒரு கிலோவாட் மணித்தியாலம் என்பது நாங்கள் பில்லில் பார்க்கும் ஒரு யூனிட். மாதம் 90 யூனிட் எடுக்கிற வீட்டுக்கு நாளைக்கு 3 யூனிட் போகும், ஆகவே 2,400 யூனிட் என்றால் அப்படிப்பட்ட 800 வீடுகளின் ஒரு நாள் தேவை. சின்ன விசயம் இல்லை.

ஆனால் இந்தக் காசில் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்படப் போவதில்லை. வேறு யாரோ எப்போதோ கண்டுபிடித்து, வேறு யாரோ பெருந்தொகையாகச் செய்து பழகிவிட்ட ஒரு பொருளை வாங்கிக் கொண்டுவந்து பூட்டுவதற்கான காசு அது. பற்றரி வாங்கக் கொடுக்கும் காசு வேறு, பற்றரியை உருவாக்கக் கொடுக்கும் காசு வேறு. செய்தியில் இரண்டையும் ஒரே மாதிரி 'பற்றரிக்கு இத்தனை மில்லியன்' என்றுதான் போடுகிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பனங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பாத்தி போட்டுப் புதைத்தால் மூன்று நாலு மாதத்தில் கிழங்கு கிண்டலாம், சந்தையில் விற்கலாம், போட்ட காசைக் கையோடு எடுக்கலாம். அதே கொட்டையைக் கிண்டாமல் விட்டால் மரமாகும், ஆனால் நுங்கைக் கண்ணால் காணப் பத்துப் பதினைந்து வருசத்துக்கு மேல் போகும். கிழங்குப் பாத்திக்குக் கடன் கொடுக்க ஆள் இருக்கும். பனை வளர்க்கிறேன், பதினைந்து வருசத்தில் திருப்பித் தருகிறேன் என்று எந்த வங்கிக்குப் போனாலும் சிரித்துத்தான் அனுப்புவார்கள். புதுப் பற்றரி பனை மாதிரி. அதோடு இன்னொரு தொல்லை, நட்ட பத்தில் ஒன்பது வடலியிலேயே பட்டுப்போகும், எது நிற்கும் என்று நடும்போது தெரியாது.

தனியார் நடுவதே இல்லை என்று சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய லிதியம் பற்றரியின் முதல் வடிவத்தை 1970களில் ஸ்டான்லி விற்றிங்ஹாம் செய்தது எக்ஸொன் என்ற எண்ணெய்க் கொம்பனியின் ஆய்வுக்கூடத்தில்தான். 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது அவர்களுக்குப் பயம் வந்தது, வேறு சக்தியைத் தேடினார்கள். பயம் போனதும், 80களின் தொடக்கத்தில், அந்த வேலையையும் கைவிட்டார்கள். கொம்பனியைக் குறை சொல்ல முடியாது, அதன் வேலை இலாபம் பார்ப்பது. அதற்குள் 1980இல் ஒக்ஸ்போர்ட்டில் ஜோன் குட்இனஃப் பற்றரியின் நேர்முனைக்குக் கோபால்ற்று ஒக்சைட் பொருந்தும் என்று கண்டார். அதற்குக் காப்புரிமை எடுக்கப் பல்கலைக்கழகம் அக்கறை காட்டவில்லை, பிரித்தானிய அரசின் அணுசக்தி ஆய்வுக்கூடம்தான் எடுத்தது. ஜப்பானில் அகிரா யோஷினோ 1985இல் மறுமுனையைச் சரிசெய்தார், 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2019இல். அப்போது குட்இனஃபுக்கு வயது 97. பனை காய்க்க எவ்வளவு காலம் என்று இப்போது விளங்கும்.

சரி, அரசு காசு கொடுக்கிறது என்றால் எந்தக் கட்டத்தில் கொடுக்கிறது? அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் தொடங்கிய ஒரு அளவுகோல் உண்டு, தொழில்நுட்பம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று 1 முதல் 9 வரை மட்டம் போடுவார்கள். 1 என்றால் தாளில் இருக்கும் யோசனை. 3 என்றால் ஆய்வுக்கூடத்தில் கைக்கடிகாரப் பற்றரி அளவில் ஒன்று வேலை செய்கிறது. 9 என்றால் கடையில் வாங்கலாம். 'பத்து நிமிசத்தில் சார்ஜ் ஆகும் அதிசயப் பற்றரி' என்று முகநூலில் வரும் செய்திகளில் முக்கால்வாசி மூன்றாம் மட்டத்துச் சமாச்சாரம், அதனால்தான் அடுத்த வருசம் அந்தப் பெயரையே காணமாட்டீர்கள்.

முதல் மூன்று மட்டத்துக்கு அரசுதான் பெரும்பாலும் காசு. பேராசிரியர் ஒரு முன்மொழிவு எழுதுவார், அதே துறை ஆட்கள் வாசித்துப் புள்ளி போடுவார்கள், சரியென்றால் மானியம். தொகையும் ஒப்பீட்டளவில் சிறியது. கடைசி இரண்டு மூன்று மட்டத்துக்கு வங்கியும் முதலாளிகளும் தாங்களாகவே வருவார்கள். சிக்கல் 4க்கும் 7க்கும் இடையில். அதை மரணப் பள்ளத்தாக்கு என்றே சொல்கிறார்கள், கொஞ்சம் நாடகப் பெயர்தான், ஆனாலும் பொருந்துகிறது.

ஏன் அங்கே சாகிறது? கடிகாரப் பற்றரி அளவில் ஒன்றைக் கையால் செய்வது ஒரு நல்ல மாணவரின் ஒரு நாள் வேலை. அதையே ஆயிரக்கணக்கான மீற்றர் மெல்லிய உலோகத் தாளில், தலைமயிர் அளவு தடிப்பில், எங்கும் ஒரே மாதிரிப் பூசி, வெட்டி, சுருட்டி, அடைத்து எடுக்கவேண்டும் என்றால் இயந்திர வரிசை வேண்டும், ஈரப்பதம் கிட்டத்தட்ட இல்லாத அறை வேண்டும். (எங்கள் கார்த்திகை மழைக் காலத்தில் அப்படி ஒரு அறையைக் காய்ந்தபடி வைத்திருக்கக் கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று நினைத்துப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.) அப்புறம் சோதனை. 3,000 தடவை சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்க்காமல் யாரும் வாங்கமாட்டார்கள். ஏற்ற ஒரு மணி, இறக்க ஒரு மணி என்று இரவு பகலாக ஓட்டினாலும் 250 நாள். இடையில் ஒரு கலவையை மாற்றினால் திரும்ப முதலில் இருந்து. எவ்வளவு காசு கொட்டினாலும் அந்த 250 நாளைக் குறைக்க முடியாது. அவ்வளவு நாளும் சம்பளம் கொடுக்கவேண்டும், விற்க ஒன்றும் இல்லை.

இந்த இடத்துக்குப் பிரித்தானியா கண்ட வழி எனக்குப் பிடித்தது. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலுமா மிளகாய்த்தூள் மில் வைத்திருக்கிறோம்? வறுத்த மிளகாயையும் மல்லியையும் கட்டிக்கொண்டு போனால் மில்லில் திரித்துத் தருகிறார்கள், பக்குவம் நம்முடையது, இயந்திரம் அவர்களுடையது. கொவென்றியில் 2021இல் திறந்த அரச நிதியிலான பற்றரிக் கூடம் அதே வேலையைத்தான் செய்கிறது. கொம்பனிகள் தங்கள் பக்குவத்தைக் கொண்டுபோய், உண்மையான தொழிற்சாலை அளவு இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மில் வாங்கிக் கொடுப்பதைவிட அரசுக்கு இது மலிவு.

இப்போது உங்களில் பலர் வீட்டுச் சுவரில் சோலார் இன்வேட்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற பற்றரிக்கு வருவோம். அது பெரும்பாலும் லிதியம் இரும்புப் பொஸ்பேற்று வகை. இலேசில் தீப்பிடிக்காது, நீண்ட காலம் உழைக்கும், விலை உயர்ந்த கோபால்ற்று அதில் கிடையாது. அதன் பிறப்பிடம் 1996இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம், மறுபடியும் குட்இனஃபின் ஆய்வுக்கூடம். ஒரு குறை இருந்தது, அந்தப் பொருள் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. கனடாவில் கியூபெக் மாகாண அரசுக்குச் சொந்தமான மின்சார நிறுவனம் கூட இருந்து, கரியை மெல்லிய பூச்சாகக் கொடுத்துச் சரிசெய்யும் வழியைக் கண்டது. அதுவும் அரச காசுதான்.

அமெரிக்காவில் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரும் கூட்டாளிகளும் 2001இல் ஏ123 என்ற கொம்பனியைத் தொடங்கினார்கள், இதே வகைப் பற்றரியை மேம்படுத்தி. ஆரம்பத்தில் கைகொடுத்தது எரிசக்தித் திணைக்களத்தின் ஒரு இலட்சம் டொலர் மானியம். ஒரு இலட்சம்தான்! நன்றாக வளர்ந்தார்கள், பங்குச் சந்தைக்கும் போனார்கள். 2009இல் பொருளாதாரம் விழுந்தபோது அமெரிக்க அரசு பற்றரி, மின்வாகனத் தொழிற்சாலைகளுக்கு 2.4 பில்லியன் டொலர் ஒதுக்கியது, அதில் ஏ123க்கு 249 மில்லியன். ஒரு விசயம் கவனியுங்கள், 249 மில்லியனை மூட்டையாகக் கட்டிக் கொடுப்பதில்லை. கொம்பனி தன் பங்காகப் பாதியைப் போடவேண்டும், செலவழித்துவிட்டுக் கணக்குக் காட்டினால் அரசு தன் பாதியைத் திருப்பித் தரும். ஏ123 கடைசிவரை எடுத்தது ஏறக்குறைய 130 மில்லியன்தான்.

தொழிற்சாலை எழும்பியது, வாங்க ஆள் இல்லை. 2012இல் அமெரிக்காவில் மின்கார் என்றால் பணக்காரர் விளையாட்டு. அதே வருசம் மிச்சிகனில் செய்த பற்றரிகளில் குறை கண்டுபிடித்து மாற்றிக் கொடுக்க 55 மில்லியன் டொலர் போகும் என்று கொம்பனியே அறிவித்தது. ஒக்ரோபரில் திவால். ஏலத்தில் எடுத்தது சீனாவின் வான்சியாங் என்ற கொம்பனி. வரிப்பணம் வீணாகிவிட்டது என்று அங்கே பெரிய அரசியல் சண்டை நடந்தது.

அதே பத்தாண்டில் சீனா என்ன செய்தது? 2009இல் 'பத்து நகரம், ஆயிரம் வாகனம்' என்று ஒரு திட்டம். பஸ், ராக்ஸி, நகரசபை வாகனங்களில் இருந்து தொடங்கினார்கள். பஸ்ஸுக்கு எடை கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, பாதுகாப்பும் ஆயுளும் முக்கியம், ஆகவே இரும்புப் பொஸ்பேற்றுக்கு அளவெடுத்துத் தைத்த சந்தை. பிறகு கார் வாங்குபவருக்கு மானியம், அதுவும் 2015 தொடக்கம் 2019 வரை அரசு அங்கீகரித்த பட்டியலில் உள்ள பற்றரி பூட்டினால்தான், பட்டியலில் இருந்தது உள்ளூர்க் கொம்பனிகள். வாங்குபவருக்கான மத்திய அரசின் மானியம் 2022 முடிவில்தான் நின்றது, பத்து வருசத்துக்கு மேல் விடாமல் ஓடியிருக்கிறது. 2011இல் தொடங்கிய சிஏடிஎல் இன்று உலகின் மிகப் பெரிய பற்றரிக் கொம்பனி. சீனாவிலும் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைக்கவேண்டாம், 2016இல் ஐந்து பஸ் கொம்பனிகள் பொய்க் கணக்குக் காட்டி நூறு கோடி யுவானுக்கு மேல் மானியம் அடித்ததை அந்த அரசே வெளியிட்டது. களவும் போனது, தொழிலும் நிலைத்தது.

என் பார்வையில் அமெரிக்கா அன்று விட்ட பிழை 249 மில்லியன் கொடுத்தது இல்லை. தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு, செய்த பற்றரியை வாங்கப் போதிய ஆளை உண்டாக்காமல் விட்டது. கிணறு வெட்டிக் கொடுத்தார்கள், தோட்டம் இல்லை.

அதனால்தான் அரச காசு எத்தனை உருவத்தில் வரும் என்பதையும் பார்க்கவேண்டும். மானியம் திருப்பிக் கேட்காத காசு. கடன் திருப்பிக் கேட்கும் காசு, 2010இல் மின்கார்க் கொம்பனி டெஸ்லா அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்திடம் அப்படி 465 மில்லியன் டொலர் எடுத்து 2013இலேயே அடைத்துவிட்டது, அதே திணைக்களத்தின் உதவியோடு 535 மில்லியன் எடுத்த சொலின்ரா என்ற சோலார் கொம்பனி 2011இல் விழுந்தது. ஒன்று விழுந்ததை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, உற்பத்திக்குப் பின் கொடுப்பது. இந்தியா 2021இல் 18,100 கோடி இந்திய ரூபாய் ஒதுக்கிய திட்டம் இந்த வகை, முதலில் பற்றரியைச் செய்து விற்றுக் காட்டு, பிறகு காசு. அரசுக்கு ஆபத்துக் குறைவு, ஆனால் கொம்பனிகள் மெதுவாகத்தான் அசைகின்றன. அமெரிக்காவும் 2022 சட்டத்தில் ஒரு கிலோவாட் மணித்தியாலப் பற்றரிக் கலத்துக்கு 35 டொலர் வரிச்சலுகை என்று இந்தப் பக்கம் வந்தது. கடைசியாக, அரசே வாடிக்கையாளராக மாறி வாங்குவது. எதை எப்போது கொடுக்கிறார்கள் என்பதுதான் விசயம். மூன்றாம் மட்டத்தில் நிற்கிற ஆய்வாளரிடம் 'செய்து விற்றுக் காட்டு, பிறகு காசு' என்றால் அவர் பட்டினி கிடக்கவேண்டியதுதான்.

இவ்வளவும் கொட்டிப் பலன் உண்டா என்றால், விலையைப் பாருங்கள். 2010இல் ஒரு கிலோவாட் மணித்தியால லிதியம் பற்றரி ஆயிரம் டொலருக்கு மேல். 2024இல் உலகச் சராசரி 115 டொலர். தீவுகளுக்குப் பற்றரி வைக்கும் யோசனையே அந்த விலை வீழ்ச்சியால்தான் வந்தது. டெக்சாஸ் வரிப்பணமும் கியூபெக் வரிப்பணமும் சீன வரிப்பணமும் சேர்ந்து நயினாதீவுக்கு வருகிறது என்றால் மிகையில்லை.

பற்றரியின் அருமை எங்களுக்குப் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதும் இல்லை. தொண்ணூறுகளின் முதற்பாதியில் போர்க்காலத்தில் வடக்குக்குப் போட்டிருந்த பொருளாதாரத் தடைப் பட்டியலில் ரோச் பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள், செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு கால் மணி நேரச் செய்தியை அதில் பிழிந்தெடுத்தவர்கள். சில்லைச் சுற்றுவது எப்போதும் என் முறையாகவே வரும், அண்ணன்மார் கதிரையில் இருந்து கேட்பார்கள், அது வேறு கதை.

இனி அந்த அண்ணையின் கேள்விக்கு. 11 மில்லியனைக் கம்பஸுக்குக் கொடுத்தால் பற்றரி வருமா? வராது, அந்தத் தொகைக்கு வராது, நினைக்கிற காலத்துக்குள்ளும் வராது. ஆனால் ஒன்றுமே வராது என்றும் இல்லை. இலங்கையில் ஆய்வுக்குப் போகும் காசு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 வீதம், அதாவது நாடு உழைக்கும் நூறு ரூபாயில் பத்துச் சதம். தென்கொரியாவில் அது ஏறத்தாழ ஐந்து ரூபாய். பத்துச் சதத்தில் பனை வளர்க்க ஏலாது.

'எங்களிடம் மூலப்பொருள் இருக்கிறதே' என்று சிலர் தொடங்குவார்கள். இருக்கிறதுதான். போகலையிலும் கஹட்டகஹவிலும் உலகத்தரமான காரீயம் (கிராபைற்று) கிடக்கிறது, பற்றரியின் எதிர்முனை அதிலேதான் செய்வது. எப்பாவலையில் பொஸ்பேற்று. ஆனையிறவில் உப்பு, சோடியம் பற்றரி என்று ஒன்று இப்போது வருகிறதே, அதற்கு உப்பிலிருந்து சோடா (சோடியம் காபனேற்று) எடுக்கவேண்டும், சோடா எடுக்க உப்போடு சுண்ணாம்புக்கல்லும் வேண்டும், அந்தக் கல்லின்மேல்தான் நாங்கள் வீடு கட்டி இருக்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மண்ணில் கிடக்கும் காரீயத்துக்கும் பற்றரிக்குள் போகும் காரீயத்துக்கும் இடையில் சுத்திகரிப்பு, உருட்டல், பூச்சு என்று பல படி, மூலப்பொருளைத் தோண்டி அனுப்புகிறவனுக்குக் கிடைப்பது அடிமாட்டு விலை. கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனம் நம் காரீயத்தை லிதியம் பற்றரிக்கு ஏற்றதாக்கும் ஆய்வுகளைச் செய்திருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல்துறை சூரியக்கலங்களில் நீண்ட காலமாக வேலை செய்கிறது. இவை எல்லாம் முதல் மூன்று மட்டம். நாலாவதுக்கு ஏற ஏணி இல்லை.

என்னைக் கேட்டால் புதுப் பற்றரி செய்யப் போகாமல், பற்றரியைச் சோதிக்கும் இடத்தில் கொஞ்சக் காசைப் போடலாம். வெப்பம் கூடக் கூட லிதியம் பற்றரி வேகமாகக் கிழடாகும். உப்புக்காற்று இணைப்புகளைத் தின்னும். ஐரோப்பிய ஆய்வுக்கூடம் ஒன்று இதைப் பார்க்கச் செயற்கையாக ஒரு சூடான அறை கட்டவேண்டும், எங்களுக்கு நெடுந்தீவில் சித்திரை மாதம் சும்மா கிடைக்கிறது. அந்த மூன்று தீவுகளின் பற்றரிகள் வருசா வருசம் எவ்வளவு தேய்கின்றன என்ற கணக்கு, ஒழுங்காக எழுதி வைத்தால், உலகின் எந்தப் பற்றரிக் கொம்பனிக்கும் பெறுமதியானது. அதற்கு வேண்டியது பில்லியன் இல்லை, சில அளவீட்டுக் கருவிகளும் சம்பளத்தோடு நாலைந்து ஆட்களும்.

இதில் பாதியை இறங்குதுறையில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வள்ளம் வந்துவிட்டது. ஏறி, பைகளை நடுவில் அடுக்கி, எல்லோரும் இருந்த பிறகு அண்ணை திரும்பிக் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, அந்தப் பற்றரி பழுதானால் ஆர் திருத்துறது? கொழும்பிலயிருந்தே ஆள் வரும்?"

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, அங்கே ஒவ்வொரு வருசமும் மின்பொறியியல் படித்து வெளியேறும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். "அப்ப அவங்களை இப்பவே கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லுங்கோவன்" என்றார், பெட்டியைப் பூட்டுகிற நாளிலேயே பெடியள் பக்கத்தில் நிற்கவேண்டுமாம்.